செருப்பில்லாமல் ஏறிய படகு

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். உன் ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் இருப்பதாகக் காட்டுகிறது என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். "எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, நல்லாத்தான் இருக்கேன். டாக்டர்தான் ஓவரா பயமுறுத்தறாரு" என்றாய். நான் "சரி, சாப்டியா?" என்று கேட்டேன். நம் இரண்டு பேருக்கும் போனில் எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் அந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது, தாம்பரத்தில் கிளம்பிய லோக்கல் பீச் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன். நம் நகர் நலச் சங்கத்தின் மலருக்கு ரயில் ஓட்டிய அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் விடாமல் துரத்துகிறார். உனக்கு எழுதுவதையே அவரிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். தெருவில் பாதிப் பேருக்கு சுகர். படித்தால் படிக்கட்டும்.

நீ கல்யாணம் முடிந்து மருமகளோடு கனடாவுக்குக் கிளம்பிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உன் அம்மா அழுதாள். சம்பந்தி அழுதார். அவ்வளவு பெரிய மீசையோடு ஒருவர் அப்படி அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. நான் டிராலியைத் தள்ளிவிட்டு ஓரமாக நின்றேன். நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையை ஆட்டியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பார்க்கிங் சீட்டை எந்தப் பாக்கெட்டில் வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அப்பா எவ்வளவு தைரியமா நின்னாரு பாத்தியா" என்று நீ மருமகளிடம் சொன்னாயாம். அது தைரியம் இல்லையடா. ஊசி போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கினால் சத்தம் மட்டும் கேட்குமே, அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் காலைப் பற்றி உனக்குத் தெரியாது. ரயில் ஓட்டுகிறவனுக்கு முக்கால்வாசி சங்கதி காலில்தான் தெரியும். பல்லாவரம் தாண்டி ஒரு வளைவில் தண்டவாளம் லேசாக இறங்கியிருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஷூவுக்குள் குதிகாலில் ஒரு சின்னத் துள்ளல் வரும். நான் ஆபீஸில் போய் "அந்த இடத்துல அடிக்குது சார், பாக்கச் சொல்லுங்க" என்பேன். போய்ப் பார்ப்பார்கள், இருக்கும். சர்வீஸின் கடைசிக் காலத்தில் சுகர் வந்தது. மாதா மாதம் பரிசோதனை, மாத்திரை என்று கட்டுக்குள் இருந்தது. ஓய்வு பெற்றதும் கேட்பார் இல்லை. மாத்திரை ஒரு நாள் விட்டது, பிறகு ஒரு வாரம் விட்டது. நான் நன்றாகத்தான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீ போனில் சொன்னாயே, அதே வாக்கியத்தை நான் உன் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

அவள்தான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பையன், உன் வயது இருக்கும். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தெரியுது" என்றேன். "இங்க?" "தெரியுது." சிக்னல் பார்த்துச் சத்தமாகச் சொல்லியே பழகியவன், கேட்டதும் பதில் வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்பதை நிறுத்தினார். "சார், நான் கடைசி நாலஞ்சு தடவை தொடவே இல்ல" என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிருதுவான ரப்பர் வைத்த செருப்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, "வீட்டுக்குள்ளயும் இது இல்லாம நடக்கக் கூடாது. பூஜை ரூமாச்சு, பாத்ரூமாச்சு, எதுக்கும் கழட்டாதீங்க" என்றார். சரி என்றேன்.

படகு வந்தது அதற்கு அப்புறம். உன் காரை விற்ற பிறகு போர்ட்டிகோ காலியாகக் கிடந்தது. பின்கதவு மழையில் இற்றுப்போய்விட்டதே என்று, ஆசாரி செல்வத்தைக் கூட்டிக்கொண்டு ஈசிஆரில் இருக்கிற பழைய மரச் சாமான் கடைக்குப் போனேன். செல்வத்தை உனக்குத் தெரியும், உன் கட்டிலைச் செய்தவன். கதவுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாய்மரப் படகு சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு மூன்று பேர் உட்காரலாம், அவ்வளவுதான். யாரோ பொழுதுபோக்குக்கு ஓட்டிக் கைவிட்டது. கடைக்காரர் அதைக் குறுக்கே அறுத்துத் தட்டு அடித்து, ஒரு காபி கடைக்குப் புத்தக அலமாரியாகத் தரப்போவதாகச் சொன்னார். அதன் பின்பக்கம் சுக்கான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடியை நான் சும்மா ஒரு தடவை அசைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் தள்ளினால் அடிப் பலகை வலப்பக்கம் திரும்பியது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போடுவோம். அன்றைக்கு மட்டும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். நீ டிரைவர் கேபினுக்குள் ஏறி நாலாபக்கமும் தேடிவிட்டு, "அப்பா, இதுல ஸ்டியரிங்கே இல்லியே. அப்ப நீ என்னதான் பண்றே?" என்று கேட்டாய். கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்கப் போட்ட தண்டவாளத்தில் போய்வந்த எனக்கு, அந்தக் கைப்பிடியை விட மனம் வரவில்லை. "இத எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். செல்வம் வாயைப் பிளந்தான். "இன்னா சார் இது! கதவு வாங்க வந்தீங்களா, கடலுக்குப் போவ வந்தீங்களா?" கதவு வாங்க மறந்தே போனது.

குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. மழைக்கு வெள்ளம் சூழ்கிற எங்கள் பக்கம் படகு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஐப்பசிக்கு முன்னாடியே உஷாராயிட்டீங்க போலருக்கே" என்றார் எதிர்வீட்டுக்காரர். முடிச்சூரில் இருக்கிற உன் மாமா போன் செய்து, மழை வந்தால் முதல் நடை தன் வீட்டுக்குத்தான் என்று சொல்லி வைத்தார். உன் அம்மா மட்டும், "இது நான் வடாம் காயப்போடற மொட்டை மாடில ஏறாதுல்ல? அப்ப சரி" என்றாள். உனக்கு வீடியோவில் காட்டியபோது நீயும் சிரித்தாய். நான் ஏதோ உற்சாகத்தில் இருப்பதாக நீங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டீர்கள். எனக்கு உற்சாகம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் போய் நிற்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

செல்வத்துக்குக் கதவு தெரியும், ஜன்னல் தெரியும், படகு தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது. இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்து, அதில் வெள்ளைக்காரர் பேசுவது புரியாமல், கையைப் பார்த்துச் செய்தோம். பழைய பெயிண்டைச் சுரண்டினோம். இற்றுப்போன பலகைகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பருத்தித் திரியைத் திணித்து மேலே பட்டி வைத்தோம். செப்பு ஆணியை வெளியிலிருந்து அடித்து, உள்ளே நீட்டிக்கொண்டு வருகிற முனையை மடக்கி விட வேண்டும். அடிப்பது அவன், மடக்குவது நான். வேலை முடிந்தது என்று நினைத்தால் மறுநாள் வெயிலில் ஓர் இடுக்கு விரிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் அது தானாக மூடிக்கொள்ளும். "இது இன்னா சார், நம்மகிட்ட வெளாட்டு காட்டுது" என்று செல்வம் அதைத் திட்டுவான்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையை யோசித்தேன். கால் மரத்துப் போய்விட்டது என்கிறோம். மனசு மரத்துப் போய்விட்டது என்கிறோம். இந்த வார்த்தையை உண்டாக்கியவர் மரத்தோடு ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டார். மழை வருவதற்கு முன்பே நம் வீட்டுப் பின்கதவு இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்று நிற்குமே, மறந்துவிட்டாயா? வெட்டி, அறுத்து, இழைத்து, ஆணி அடித்து எத்தனையோ வருஷம் ஆன பலகை, இன்னும் வெயில் எது, ஈரம் எது என்று தெரிந்து வைத்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. தார் ரோட்டில் மதிய வெயிலில் நின்றாலும் ஒன்றுதான், மொசைக் தரையில் நின்றாலும் ஒன்றுதான். நீ போன பிறகு வீட்டில் இருப்பதும் அப்படித்தான் இருந்தது. உன் அறையைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. படகுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி வைத்துக் கும்பிட்டோம். செல்வம் எலுமிச்சம்பழத்தைச் சுக்கானுக்கு அடியில் வைக்கலாமா, முன்னால் வைக்கலாமா என்று குழம்பி இரண்டு பக்கமும் வைத்தான். மறுநாள் வேலைக்குப் படகில் ஏறப்போனேன். காலைத் தூக்கியவன், அப்படியே நிறுத்தினேன். சாமி கும்பிட்ட இடத்தில் செருப்போடு எப்படி ஏறுவது? டாக்டர் கொடுத்த செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறினேன். ரயிலுக்கும் வருஷா வருஷம் பூஜை போட்டவன்தான் நான். மறுநாள் ஷூவோடுதான் ஏறினேன், ஒரு நாளும் உறுத்தியது இல்லை. படகில் மட்டும் ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் கழற்றினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

எல்லாம் முடிந்து, படகுக்குள்ளேயே தண்ணீர் விட்டு நிரப்பினோம். காய்ந்த மரம் ஊறிப் பருத்து, இடுக்கெல்லாம் மூடிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான். மோட்டார் போட்டு ஊற்ற ஊற்ற அடிப்பக்கம் எல்லா இடுக்கிலும் ஒழுகித் தெருவில் ஓடியது. குழாய் உடைந்துவிட்டது என்று செயலாளர் ஓடி வந்தார். அம்மா கத்தினாள். ஆனால் நாள் ஆக ஆக ஒழுகல் குறைந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றே போனது. நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே இறங்கி நின்றேன். "மரம் ஊறிடுச்சுடா செல்வம்" என்றேன். அவன் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், தண்ணி கலரு மாறுது."

"துருவா இருக்கும்."

"செப்பாணி எங்க சார் துரு புடிக்கும்? நீ மொதல்ல வெளிய வா சார்."

அம்மா வந்து பார்த்தாள். நான் மடக்காமல் விட்ட ஓர் ஆணி முனை. அதன்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். காலைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே ஏற்கெனவே வேறு புண்களும் இருந்தன. அந்த ஆணி என்னை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குத்தியது என்று இல்லை.

இடது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வீடியோ காலில் யார் காலைக் காட்டச் சொல்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் "எடுத்துடுங்க சார்" என்றேன், ஏதோ தையல் பிரிக்கச் சொல்வது போல. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் எனக்கு வரவில்லை. காலுக்கு வந்தது அங்கேயே நிற்கவில்லை, மேலே ஏறி வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணா, விரல் போனதற்கு நான் பயப்படவில்லை. பயம்கூட வரவில்லையே என்று படுக்கையில் கிடந்தபோது நினைத்தேன். மீனம்பாக்கத்தில் நீ கையை ஆட்டியது ஞாபகம் வந்தது.

இப்போது தினமும் விளக்கு வைத்த பிறகு அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, போன் டார்ச்சை அடித்து விரல் விரலாகப் பார்க்கிறாள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். "கல்யாணத்தன்னிக்கு மெட்டி போட ஒரே ஒரு தடவை என் காலப் புடிச்சீங்க. அதுக்கு வட்டியும் முதலுமா நான் புடிக்கிறேன், சும்மா இருங்க" என்றாள். பார்த்து முடித்து "ஒண்ணும் இல்ல" என்று அவள் சொன்னால்தான் எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்னால் செல்லாது. நீயும் மேடையில் குனிந்து மருமகளின் காலைப் பிடித்து மெட்டி போட்டாய், நான் பக்கத்தில்தான் நின்றேன். வெட்கப்படாமல் அவளிடம் உன் காலைக் காட்டு. மாத்திரையை விடாதே. டாக்டர் ஓவராகப் பயமுறுத்தினால் பயந்துவிடு, அதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் இனிமேல் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லாதே. என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

புண் ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, படகைக் கோவளத்துக்குக் கொண்டுபோய் அமைதியாக இருக்கிற கழிமுகத் தண்ணீரில் இறக்கினோம். செல்வத்தை ஏறச் சொன்னேன். "கதவுன்னா தொறந்து காட்டுவேன் சார். இதுல என்ன வுட்ருங்க" என்று கரையிலேயே நின்றுவிட்டான். அங்கே இருக்கிற மீனவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டார். அம்மா லைஃப் ஜாக்கெட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். நான் பின்னால், காலில் கெட்டி ஷூவோடு. சுக்கானின் கைப்பிடியைப் பிடித்தேன். காற்று பாயில் விழுந்ததும் அது என் உள்ளங்கையில் லேசாக அதிர்ந்தது. பல்லாவரம் வளைவில் குதிகாலில் வருமே, அதே மாதிரி. கைக்கு இன்னும் தெரிகிறது. இடப்பக்கம் தள்ளினேன். படகு வலப்பக்கம் திரும்பியது. உன் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா, "ஐயோ" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். எங்கேயோ ஓர் இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் வந்து அடியில் தேங்கியிருந்தது. என் ஷூவும் முழுக்க நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் காலைப் பார்த்தேன். வெறுங்கால். கரையிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறாள், பூஜை போட்ட படகாயிற்றே என்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணியா? ஜில்லுன்னு இருக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பயமா கீதா? ஆழம் இடுப்பளவுதான்" என்றார். அது மீனம்பாக்கத்தில் வராமல் போன அழுகை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் மறுபடி எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது இதை எழுதும்போதுகூட எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்தது.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வா. ஆணி முனை எல்லாவற்றையும் நானும் செல்வமும் ஒன்றுவிடாமல் கையால் தடவிப் பார்த்துவிட்டோம், பயப்படாதே. நான் ஷூவோடு ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன், ஸ்டியரிங்கை நீ பிடித்துக்கொள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும். அதில் காலை வைத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்.

அப்பா